ஐரோப்பாவின் புகலிடக் கணக்கு: ஆட்களை எண்ணுகிறார்களா, கோப்புகளை எண்ணுகிறார்களா?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் பொதுவான புகலிட, குடியேற்றக் கொள்கை வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒரே ஆண்டுக்குச் செய்திக்குச் செய்தி வேறு வேறு எண் வருகிறது. எதை நம்புவது? உண்மையிலேயே இந்தப் புள்ளிவிவரங்களைப் பார்த்துத்தான் கொள்கை வகுக்கிறார்களா, அல்லது முன்கூட்டியே எடுத்த முடிவுக்கு எண்ணைத் தேடுகிறார்களா?

இரண்டும் நடக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. ஐரோப்பாவில் இந்த எண்கள் இப்போது சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. ஒரு நாட்டவருக்குப் புகலிடம் கிடைக்கும் சதவீதம் ஒரு கோட்டுக்கு மேலே இருந்தால் அந்த நாட்டு மக்களுக்கு ஒரு வழி, கீழே போனால் வேறு வழி. எனவே எதை எண்ணினார்கள், யார் எண்ணினார்கள், எந்தத் தேதி வரை எண்ணினார்கள் என்பதைப் புள்ளிவிவரத் துறையின் உள்விவகாரமாக நினைத்து ஒதுக்கிவிட முடியாது. ஒரு குடும்பம் கிரேக்கத் தீவு முகாமிலேயே கிடக்குமா, வேறொரு நாட்டில் வீடு பார்க்குமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் 2015ஆம் ஆண்டு ஜெர்மனி. ஏனென்றால் எல்லாக் குழப்பமும் அங்கே ஒரே இடத்தில் கிடக்கிறது. அந்த ஆண்டு 11 லட்சம் பேர் வந்தார்கள் என்று ஜெர்மன் அரசே அறிவித்தது, உலகம் முழுக்க அந்த எண்தான் பரவியது, இன்றும் பலர் அதையே சொல்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது? வந்து சேர்ந்தவர்களை மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்ப வைத்திருந்த ஈஸி என்ற கணினிப் பதிவிலிருந்து. அந்தப் பதிவில் பெயரும் கிடையாது, கைரேகையும் கிடையாது. எந்த நாட்டிலிருந்து இத்தனை பேர், படுக்கை இத்தனை தேவை என்ற அளவுக்குத்தான் அது உருவாக்கப்பட்டது. ஒருவர் மியூனிக்கில் ஒருமுறை, உறவினர் இருக்கும் ஊரில் இன்னொருமுறை பதிவானால் இரண்டு பேர். பதிந்துவிட்டு ஸ்வீடனுக்குப் போய்விட்டவரும் கணக்கில் அப்படியே நின்றார். 2016 செப்டம்பரில் உள்துறை அமைச்சர் தோமாஸ் டி மெசியேர் திருத்திய எண்ணை வெளியிட்டார்: சுமார் 8.9 லட்சம். இரண்டு லட்சம் பேர் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறார்கள்.

இதோடு முடியவில்லை. அதே 2015இல் ஜெர்மனியில் முறைப்படி பதிவான புகலிட விண்ணப்பங்கள் 4,76,649. வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விண்ணப்பம் கொடுக்கவே அந்த ஆண்டு நேரம் கிடைக்கவில்லை, அலுவலகத்தில் அவ்வளவு கூட்டம். அவர்கள் 2016இல்தான் விண்ணப்பித்தார்கள். அதனால் 2016இல் விண்ணப்பங்கள் 7,45,545 ஆக ஏறின. ஆனால் 2016இல் புதிதாக வந்தவர்களோ சுமார் 2.8 லட்சம் பேர்தான்! வருகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த ஆண்டில் விண்ணப்ப வரைபடம் உச்சத்துக்குப் போகிறது. அந்த வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘வருகையைக் குறைக்கத் துருக்கியோடு 2016 மார்ச்சில் செய்த ஒப்பந்தம் பலன் தரவில்லை’ என்று ஒருவர் எழுதினாலும், ‘அலை இன்னும் ஏறுகிறது, கதவை மூடு’ என்று இன்னொருவர் எழுதினாலும், இருவருமே அலுவலகத்தின் வரிசை நீளத்தைத்தான் அளக்கிறார்கள். 11 லட்சம், 8.9 லட்சம், 4.77 லட்சம் என்ற மூன்றில் எதையும் யாரும் கற்பனையாக எழுதவில்லை. மூன்றும் மூன்று வேறு பொருட்களின் எண்ணிக்கை: படுக்கைக்கான பதிவு, ஆள், கோப்பு.

அடுத்தது எல்லைக் கணக்கு. வார்சாவில் இருக்கும் எல்லைக் காவல் முகமையான ஃபிரான்டெக்ஸ், ஒன்றியத்தின் வெளி எல்லைகளில் முறையற்ற நுழைவுகளைக் கணக்கிடுகிறது. 2015க்கு அது தந்த எண் 18.2 லட்சம். அதே ஆண்டில் மத்தியதரைக் கடல் வழியாக வந்து சேர்ந்தவர்கள் என்று ஐநா அகதிகள் ஆணையம் சொன்னது ஏறத்தாழ 10.15 லட்சம் பேர். இடைவெளி ஏன்? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். துருக்கியிலிருந்து படகில் கிரேக்கத் தீவுக்கு வருகிறவர் ஒன்றியத்துக்குள் நுழைகிறார், ஒரு கணக்கு. அவரே மாசிடோனியா, செர்பியா வழியாக நடந்து, அதாவது ஒன்றியத்தை விட்டு வெளியேறி, ஹங்கேரி அல்லது குரோஷிய எல்லையில் மறுபடி நுழைகிறார், இன்னொரு கணக்கு. ஒரே ஆள், ஒரே பயணம், இரண்டு நுழைவு. 2015 அக்டோபரில் முதல் ஒன்பது மாதங்களில் 7.1 லட்சம் பேர் என்று ஃபிரான்டெக்ஸ் அறிவித்தபோது ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஒரே நபர் பலமுறை எல்லையைக் கடக்கலாம் என்ற விளக்கத்தை அப்புறம்தான் சேர்த்தார்கள். இன்றுவரை அந்தக் குறிப்பு மாத அறிக்கையில் வருகிறது. தலைப்புச் செய்தியில் வருவதில்லை. பேருந்தில் கிழித்த டிக்கெட்டுகளை எண்ணிவிட்டு ஊர் மக்கள்தொகை இவ்வளவு என்று அறிவிப்பது போன்றது இது.

இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. எல்லையில் ஒருவரைப் பிடித்துத் திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி முயல்வார், மறுபடி ஒரு கணக்கு. 2022இல் பால்கன் வழியில் எண் பெரிதாக ஏறியதற்குத் திரும்பத் திரும்ப நடக்கும் முயற்சிகளும் ஒரு காரணம் என்று ஃபிரான்டெக்ஸே சொன்னது. ஆக, கடுமை கூடக்கூட எண்ணும் கூடலாம், கூடிய எண்ணைக் காட்டி இன்னும் கடுமை கேட்கலாம்.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். ஹங்கேரியைப் பாருங்கள். 2015இல் அங்கே முதல்முறை விண்ணப்பித்தவர்கள் 1.74 லட்சம் பேர், மக்கள்தொகை விகிதத்தில் ஒன்றியத்திலேயே முன்வரிசை. 2023இல்? ஆண்டு முழுவதற்கும் சில டஜன் பேர். புகலிடம் தேடுவோர் இல்லாமல் போய்விட்டார்களா? இல்லை. 2020இல் கொண்டுவந்த விதிப்படி, ஒருவர் முதலில் பெல்கிரேடிலோ கீவ்விலோ உள்ள ஹங்கேரித் தூதரகத்தில் விருப்பக் கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இது ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றிய நீதிமன்றம் 2023இல் தீர்ப்புச் சொன்னது. 2020இல் வந்த தீர்ப்பையும் மதிக்கவில்லை என்று 2024 ஜூனில் 20 கோடி யூரோ அபராதமும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 10 லட்சம் யூரோவும் விதித்தது. கணக்கில் மட்டும் ஹங்கேரி அமைதியான நாடு. விண்ணப்ப எண்ணிக்கையை எங்கே பார்த்தாலும், அங்கே விண்ணப்பம் கொடுக்க வழி இருந்ததா என்று முதலில் கேளுங்கள்.

சரி, இந்தக் குழப்பத்தைச் சீர்செய்ய யாரும் முயலவில்லையா என்றால், நிறைய முயன்றிருக்கிறார்கள், அதற்குரிய மதிப்பையும் கொடுக்க வேண்டும். 1999 மே மாதம் ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் புகலிடமும் குடியேற்றமும் ஒன்றியத்தின் பொது அதிகாரத்துக்குள் வந்தன. ஆனால் அப்போது எண்கள் வந்துகொண்டிருந்தது வாய்மொழி உடன்பாடு மாதிரியான ஏற்பாட்டில். நாடுகள் விரும்பினால் அனுப்பும், விரும்பிய வடிவில் அனுப்பும். யார் குடியேறியவர் என்பதிலேயே ஒற்றுமை இல்லை. 2000களின் தொடக்கத்தில் போலந்திலிருந்து ஓராண்டில் ஒரு லட்சம் பேர் வந்ததாக ஜெர்மனி சொல்லும். ஜெர்மனிக்குப் போனவர்கள் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்று போலந்து சொல்லும். ஜெர்மனி, முகவரி பதிந்த எல்லோரையும் எண்ணியது. போலந்து, நிரந்தரமாகப் போகிறேன் என்று அறிவித்துவிட்டுப் போனவர்களை மட்டும் எண்ணியது. அப்படி அறிவித்துவிட்டு யார் போவார்கள்?

2007 ஜூலையில் வந்த 862/2007 என்ற ஒழுங்குவிதிதான் இதை மாற்றியது. குடியேறியவர் என்றால் 12 மாதமாவது வழக்கமாக வசிப்பவர் அல்லது வசிக்கப் போகிறவர் என்ற ஒரே வரையறை. புகலிட விண்ணப்பம், முடிவு, டப்ளின் விதிப்படி (ஒரு விண்ணப்பத்தை எந்த நாடு விசாரிக்க வேண்டும் என்ற விதி) ஒரு நாடு இன்னொன்றுக்கு அனுப்பும் கோரிக்கை, வசிப்பு அனுமதி, வெளியேற்ற உத்தரவு என எல்லாவற்றையும் குறித்த கால அளவில் லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றியப் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டுக்கு அனுப்ப வேண்டிய சட்டக் கடமை. 2020இல் 851ஆம் எண் திருத்தம் வந்து, துணையில்லாமல் வரும் சிறுவர்கள், வெளியேற்றத்தின் வகை போன்றவற்றில் இன்னும் விரிவாகவும் விரைவாகவும் தகவல் கேட்டது. பல நாடுகளை ஒரே வரையறைக்குள் கொண்டுவருவது எவ்வளவு சலிப்பான, பெயர் கிடைக்காத வேலை என்பது அந்த அட்டவணைகளின் அடிக்குறிப்புகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த வேலையைச் செய்தவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

ஆனால் இரண்டு ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. யூரோஸ்டாட் ‘முதல்முறை விண்ணப்பதாரர்’ என்று சொல்வது, அந்தக் குறிப்பிட்ட நாட்டில் முதல்முறை என்ற பொருளில். ஒருவர் இத்தாலியில் விண்ணப்பித்துவிட்டு பிரான்சுக்குப் போய் அங்கேயும் விண்ணப்பித்தால் இரண்டு நாட்டிலும் அவர் முதல்முறைக்காரர்தான், ஒன்றியத்தின் கூட்டுத்தொகையில் இரண்டு பேர். இரண்டாவது ஓட்டை, புகலிட எண்களை யூரோஸ்டாட்டுக்குப் பெரும்பாலும் தருவது அந்தந்த நாட்டின் உள்துறை அமைச்சகமும் அதன் கீழுள்ள குடியேற்ற அலுவலகமும்தான். எண் ஏறினால் நிதி கேட்கலாம், இறங்கினால் சாதனை என்று சொல்லலாம் என்ற நிலையில் இருப்பவரிடமே அளவுகோலும் இருக்கிறது. யாரும் பொய் எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எதை எப்போது பதிவு செய்வது என்ற முடிவு அவர்கள் கையில் இருப்பதே போதும், எண் நகரும்.

இப்போது கேள்வியின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன்: சட்டத்துக்குள் இருக்கும் சதவீதங்கள்.

2015 செப்டம்பரில் இத்தாலியிலும் கிரீஸிலும் இருந்து 1,60,000 பேரை மற்ற நாடுகள் பகிர்ந்துகொள்வதாக முடிவானது. எந்த நாடு எவ்வளவு என்பதற்கு ஒரு சூத்திரம்: மக்கள்தொகைக்கு 40 சதவீத எடை, மொத்த உள்நாட்டு உற்பத்திக்கு 40, முந்தைய ஆண்டுகளில் பெற்ற விண்ணப்பங்களுக்கு 10, வேலையின்மைக்கு 10. ஜெர்மனி உள்நாட்டில் மாநிலங்களுக்குப் பிரிக்கும் கொனிக்ஸ்டைன் சூத்திரத்தின் அண்ணன் தம்பி மாதிரி, அங்கே வரி வருவாய்க்கு மூன்றில் இரண்டு, மக்கள்தொகைக்கு மூன்றில் ஒன்று. இந்தப் பங்கீட்டுச் சூத்திரத்தில் எனக்குக் குறையில்லை. மக்கள்தொகை, உற்பத்தி இரண்டும் நன்றாக அளக்கப்படும் எண்கள், சண்டை வந்தாலும் எதைப் பற்றிச் சண்டை என்று தெரியும்.

சிக்கல், யாரைப் பகிர்வது என்பதில் வந்தது. ஒன்றிய அளவில் அங்கீகார விகிதம் (எடுத்த முடிவுகளில் பாதுகாப்புத் தந்தவை எத்தனை சதவீதம் என்பது) 75 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள நாட்டவர்கள் மட்டும், அதுவும் யூரோஸ்டாட்டின் கடைசி காலாண்டுக் கணக்குப்படி. சிரியர்கள், எரித்திரியர்கள் தகுதி பெற்றார்கள். ஈராக்கியர்களும் முதலில் இருந்தார்கள். 2016இன் நடுவில் ஈராக்கின் விகிதம் கோட்டுக்குக் கீழே இறங்கியது, ஜூலை 1 முதல் புதிதாக விண்ணப்பிக்கும் ஈராக்கியர்களுக்கு அந்த வழி மூடிவிட்டது. மோசூல் அப்போதும் ஐஎஸ் கையில்தான் இருந்தது. ஜூன் மாதம் பதிவு செய்தவருக்கும் ஜூலையில் பதிவு செய்தவருக்கும் இடையில் ஈராக்கில் எதுவும் மாறவில்லை, லக்சம்பர்க்கில் ஒரு அட்டவணை புதுப்பிக்கப்பட்டது. ஆப்கானியர்கள் ஒருபோதும் அந்தப் பட்டியலுக்குள் வரவில்லை. ஆனால் பஹ்ரைன், பூட்டான் போன்ற நாடுகள் சில காலாண்டுகளில் பட்டியலில் இருந்தன, ஏனென்றால் அங்கிருந்து விரல்விட்டு எண்ணும் அளவில் பேர் விண்ணப்பித்திருப்பார்கள், அவர்களில் பெரும்பாலோருக்குப் புகலிடம் கிடைத்திருக்கும், சதவீதம் எகிறிவிடும். யூரோஸ்டாட் தனிநபர் அடையாளம் வெளிப்படாமல் இருக்க எண்களை ஐந்தின் மடங்குக்கு மாற்றித்தான் வெளியிடுகிறது. அவ்வளவு சிறிய எண்களில் சதவீதம் போடுவதே தப்பு. குறைந்தது இத்தனை முடிவுகள் இருந்தால்தான் விகிதம் செல்லும் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. 2017 செப்டம்பரில் திட்டம் முடிந்தபோது 1,60,000 பேரில் இடம் மாறியவர்கள் 35,000ஐக்கூடத் தொடவில்லை. அதற்குப் பெரும் காரணம் நாடுகளின் மறுப்புதான் என்றாலும், இந்தத் தகுதிக் கோடும் வாசலைச் சுருக்கியது.

இன்னும் ஆழமான கோளாறு அந்தச் ‘சராசரி’யில் இருக்கிறது. ஒன்றியச் சராசரி என்று கேட்டவுடன் எல்லா நாடுகளின் பொதுக்கருத்து மாதிரித் தோன்றும். 2016இல் ஒன்றியம் முழுவதிலும் எடுக்கப்பட்ட 11 லட்சம் முதல்நிலை (மேல்முறையீட்டுக்கு முந்தைய) முடிவுகளில் பாதிக்கு மேல், சுமார் 6.3 லட்சம், ஜெர்மனி மட்டுமே எடுத்தது. அப்படியானால் அந்த ஆண்டின் சராசரி என்பது பெருமளவு நியூரம்பர்க்கில் உள்ள ஜெர்மன் குடியேற்ற அலுவலகத்தின் நிலைப்பாடு. அந்த அலுவலகம் ஒரு நாட்டைப் பற்றிய பார்வையை மாற்றினால் ‘ஐரோப்பிய’ விகிதம் மாறும். இன்னொரு பக்கம், ஒரே நாட்டவருக்கு நாட்டுக்கு நாடு கிடைக்கும் பதில்கள் எவ்வளவு விலகி இருக்கின்றன என்று பாருங்கள்: 2017இல் ஆப்கானியர்களில் இத்தாலியில் பத்தில் ஒன்பது பேருக்குப் பாதுகாப்பு கிடைத்தது, பல்கேரியாவில் நூற்றில் சிலருக்கு மட்டும். இவ்வளவு சிதறிய முடிவுகளைக் கூட்டி வகுத்து வரும் எண், ஆப்கானிஸ்தானில் ஆபத்து எவ்வளவு என்பதைச் சொல்லாது. எந்த நாடு எத்தனை கோப்புகளை முடித்தது என்பதைச் சொல்லும்.

விகிதத்தின் வரையறையிலும் வேறுபாடு. 2023க்கு யூரோஸ்டாட்டின் முதல்நிலை அங்கீகார விகிதம் 53 சதவீதத்தை ஒட்டி வரும். மால்டாவில் உள்ள ஒன்றியப் புகலிட முகமை அதே ஆண்டுக்குச் சொல்வது 43 சதவீதம். முகமை, அகதி அந்தஸ்தும் துணைப் பாதுகாப்பும் (அகதி இல்லையென்றாலும் திரும்பினால் பெரும் ஆபத்து உள்ளவருக்குத் தருவது) மட்டும் சேர்க்கிறது, யூரோஸ்டாட் நாடுகள் தங்கள் சொந்தச் சட்டப்படி தரும் மனிதாபிமான அனுமதியையும் சேர்க்கிறது. தவிர, முகமையின் கணக்கில் சுவிட்சர்லாந்தும் நார்வேயும் உண்டு. தாராளம் என்று காட்ட விரும்புபவர் ஒன்றை எடுப்பார், ‘பாதிக்கு மேல் போலி’ என்று சொல்ல விரும்புபவர் இன்னொன்றை எடுப்பார். மேல்முறையீட்டில் வென்றவர்கள் இரண்டிலும் இல்லை.

2024இல் நிறைவேறிய புதிய குடியேற்ற, புகலிட உடன்படிக்கை, 2026 ஜூன் 12 முதல் பொருந்தும்படி எழுதப்பட்டது. அதில் கோடு 75இலிருந்து 20க்கு வந்திருக்கிறது, நோக்கமும் தலைகீழாகியிருக்கிறது. யூரோஸ்டாட்டின் கடைசி ஆண்டுச் சராசரிப்படி விகிதம் 20 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள நாட்டவர்கள், சில விலக்குகள் தவிர, எல்லையிலேயே விரைவு விசாரணைக்குப் போக வேண்டும். 12 வாரங்களுக்குள் முடிக்க வேண்டும், அதுவரை நாட்டுக்குள் நுழைந்ததாகவே கருதப்பட மாட்டார்கள். தனிநபர் விசாரணை உண்டு என்று சட்டம் சொல்கிறது, அது உண்மைதான். ஆனால் எல்லை முகாமில் வக்கீலைத் தேடி, சாட்சியம் திரட்டி, மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கதை சொல்லி முடிப்பதற்கு 12 வாரம் என்பது நகரத்தில் ஒரு ஆண்டு கிடைப்பதற்குச் சமம் ஆகாது.

தமிழர்களுக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. இந்த அட்டவணைகள் குடியுரிமை, வயது, பாலினம் என்று பிரிக்கின்றனவே தவிர இனம், மதம், ஊர் என்று பிரிப்பதில்லை. இலங்கை என்றால் ஒரே வரிசை. முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிப் போராடியதால் தொந்தரவுக்கு ஆளான ஒரு தாயும், 2022 பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்து நீர்கொழும்பிலிருந்து கிளம்பிய இளைஞரும் அந்த ஒரே வரிசையில்தான் சேர்கிறார்கள். இளைஞரைப் போன்றவர்கள் அதிகமாக விண்ணப்பித்து அதிகமாக நிராகரிக்கப்பட்டால் தாயின் வரிசை விகிதம் இறங்கும். அவருடைய ஆபத்து ஒரு துளியும் குறைந்திருக்காது. பொருளாதார நெருக்கடியால் வருபவரை நான் குறை சொல்லவில்லை, அவருக்கும் வழி வேண்டும். ஆனால் ஒருவரின் நிராகரிப்பை இன்னொருவரின் வழிக்குத் தடையாக்கும் கணக்கு நியாயமான கணக்கு இல்லை. 2025 ஏப்ரலில் ஒன்றிய ஆணையம் ‘பாதுகாப்பான நாடுகள்’ என்று ஒரு பொதுப் பட்டியலை முன்மொழிந்தபோது இந்தியாவும் வங்கதேசமும் அதில் இருந்தன, காரணங்களில் ஒன்று குறைந்த அங்கீகார விகிதம். சராசரியாகப் பாதுகாப்பான நாட்டில் ஆபத்திலிருக்கும் மனிதர் இருக்க முடியாதா என்ன?

விகிதம் எப்படி ஏமாற்றும் என்பதற்குச் சமீபத்திய பாடம் சிரியா. 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்ததும் பல நாடுகள் சிரியர்களின் விண்ணப்பங்களில் முடிவெடுப்பதை நிறுத்திவைத்தன. சிரியர்கள்தான் ஏற்கப்படுவோரில் பெரிய கூட்டம். அவர்களின் கோப்புகள் கணக்கிலிருந்து விலகியதும், 42 சதவீதத்தை ஒட்டி இருந்த மொத்த அங்கீகார விகிதம் 2025 முதல் பாதியில் சுமார் 25க்கு விழுந்தது. மற்ற நாட்டவர்களின் கதை திடீரென்று பொய்யாகிவிட்டதாக இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் ‘நான்கில் மூவர் தகுதியற்றவர்’ என்று உடனே பேச ஆரம்பித்தவர்கள் உண்டு.

திருப்பி அனுப்பும் கணக்கும் இதே வகை. ‘வெளியேறச் சொன்னவர்களில் ஐந்தில் ஒருவர்தான் போகிறார்’ என்ற வாக்கியம் பிரஸ்ஸல்ஸில் சில ஆண்டுகளாக மந்திரம் மாதிரி ஓதப்படுகிறது, 2025 மார்ச்சில் வந்த புதிய திருப்பி அனுப்பும் சட்ட முன்மொழிவும் இதை வைத்துத்தான் வந்தது. 2023இல் சுமார் 4.8 லட்சம் உத்தரவுகள், ஒன்றியத்துக்கு வெளியே திரும்பியவர்கள் சுமார் 90 ஆயிரம் பேர். வகுத்தால் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, சரி. ஆனால் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே கூட்டம் இல்லை. ஒரே ஆளுக்கு ஒரு நாடு இரண்டு உத்தரவு தரலாம், இரண்டு நாடுகள் ஆளுக்கொன்று தரலாம். பிரான்ஸ் மட்டுமே ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் உத்தரவு போடுகிறது, உத்தரவைத் தாராளமாகப் போடும் நாட்டில் விகிதம் தானாகவே குறையும். இந்த ஆண்டு போனவர் முந்தைய ஆண்டு உத்தரவு வாங்கியவராக இருக்கலாம். சொல்லாமல் கிளம்பிப் போனவர் எங்கும் பதிவாவதில்லை. ஒன்றியத்தின் தணிக்கை நீதிமன்றமே 2021 அறிக்கையில் இந்தத் தரவின் குறைகளைச் சொல்லியிருக்கிறது. இவ்வளவு தெரிந்தும் இதே விகிதத்தை நியாயமாக வைத்துத் தடுப்புக்காவலை நீட்டிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எண்களை நம்பாமல் ஊகத்தை நம்பினால் என்ன ஆகும் என்று பிரிட்டனில் படித்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். விமான நிலையத்தில் பயணிகளிடம் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து, படிப்பு முடிந்தும் ஏராளமான மாணவர்கள் திரும்புவதில்லை என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. 2012இல் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை மூடினார்கள். வெளியேறுவோரை ஒவ்வொருவராகப் பதிய ஆரம்பித்த பிறகு, 2017இல் தெரிந்தது: விசா முடிவதற்குள் கிளம்பியவர்கள் 97 சதவீதம். அப்படிப்பட்ட விசா திரும்ப வந்தது 2021இல்.

நல்ல உதாரணமும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 மார்ச் 4 அன்று உக்ரேனியர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அறிவிக்கப்பட்டது. முதல் வாரங்களில் எல்லைக் கடப்புகள்தான் செய்தியாயின, போனவர் திரும்பி வந்து மறுபடி போனதும் அதில் சேர்ந்தது. ஆனால் மே மாத இறுதிக்குள் நாடுகளுக்கிடையே ஒரு பதிவுத் தளம் அமைத்து, ஒரே ஆள் போலந்திலும் ஜெர்மனியிலும் பதிவாகியிருந்தால் கண்டுபிடிக்க வழி செய்தார்கள். மாதா மாதம் இப்போது எத்தனை பேர் எந்த நாட்டில் செல்லுபடியான பாதுகாப்பில் இருக்கிறார்கள் என்று யூரோஸ்டாட் வெளியிடுகிறது, 2025இல் 43 லட்சத்தைத் தாண்டிய எண்ணிக்கை. பள்ளி, வீடு, நிதி எல்லாவற்றையும் அதை வைத்துத் திட்டமிட்டார்கள். மனமிருந்தால் ஆளை எண்ண முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

எண்ணவே படாதவர்களும் இருக்கிறார்கள். 2013 அக்டோபரில் இத்தாலியின் லாம்பெடுசா தீவு அருகே 368 பேர் மூழ்கி இறந்த பிறகு ஐநாவின் குடிபெயர்வு அமைப்பு, வழியில் இறப்பவர்களையும் காணாமல் போகிறவர்களையும் பதிய ஆரம்பித்தது. 2014 முதல் மத்தியதரைக் கடலில் மட்டும் 30,000க்கு மேல். உத்தரவு, அனுமதி, விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் பத்தி ஒதுக்கிய 862/2007இல் இந்த இறப்புகளுக்குப் பத்தி இல்லை. 75க்கும் 20க்கும் கோடு போட்ட சட்டங்களில் இறப்பு இவ்வளவு கூடினால் கொள்கையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற கோடும் இல்லை. இதைச் சேர்க்கச் சொல்லி இன்னும் எத்தனை ஆண்டு கேட்க வேண்டுமோ தெரியவில்லை.

எனவே எதை நம்புவது என்ற கேள்விக்கு என் பதில்: ஒரே நாட்டை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட யூரோஸ்டாட்டை நம்பலாம், நடுவில் விதி மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டு. ஃபிரான்டெக்ஸ் எண்ணை எந்த வழியில் நெரிசல் கூடுகிறது, குறைகிறது என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், ஆள் எண்ணிக்கையாகப் படிக்காதீர்கள். கூட்டுத்தொகையைப் பார்த்ததும் ஒரே ஆள் எத்தனை முறை வந்திருக்கலாம் என்று யோசியுங்கள். விகிதத்தைப் பார்த்தால் எத்தனை முடிவுகள், எந்த நாடு எடுத்தவை, எந்தக் கோப்புகள் நிறுத்திவைக்கப்பட்டவை என்று தேடுங்கள்.

புதிய உடன்படிக்கையில் ஒவ்வோர் ஆண்டும் ஆணையம் ஒரு நிலவர அறிக்கை வெளியிட்டு, எந்த நாடுகள் அழுத்தத்தில் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். முதல் அறிக்கை 2025 நவம்பரில் வந்தது, கிரீஸ், சைப்ரஸ், ஸ்பெயின், இத்தாலி என்று நான்கு பெயர்கள். மற்ற நாடுகள் ஆட்களை ஏற்கலாம், அல்லது பணம் தரலாம், அல்லது வேறு உதவி செய்யலாம், பங்கு மக்கள்தொகைக்குப் பாதி, உற்பத்திக்குப் பாதி. கைரேகைக் களஞ்சியமான யூரோடாக்கையும் விண்ணப்பங்களை விட்டு ஆட்களை எண்ணும்படி மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையிடமும் கைரேகை எடுப்பது அதன் விலை, அதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் இரட்டைக் கணக்கு ஒழிந்தால் முப்பது ஆண்டுப் பிரச்சினை ஒன்று தீரும். அந்த முறையில் முதல் முழு ஆண்டுக் கணக்கு வரும்போது நான் முதலில் தேடப்போவது, பழைய கூட்டுத்தொகைக்கும் புதிய ஆள் எண்ணிக்கைக்கும் எவ்வளவு இடைவெளி என்று. அந்த இடைவெளி பெரிதாக இருந்தால், பழைய எண்ணைக் காட்டி எழுதிய விதிகளைத் திருத்துவீர்களா என்று பிரஸ்ஸல்ஸிடம் கேட்க வேண்டியது அப்போதுதான்.